புல்லுக்குப் போடும் அளவு

செம்பூரில் கடற்கழியை ஒட்டி எழும்பியிருக்கும் 'சாகர் சம்ருத்தி' குடியிருப்பின் சேர்மன் ஜம்புநாதன், வாழ்நாளில் மீனைத் தொட்டதில்லை. மீன் கூடை லிஃப்டில் ஏறி இறங்கிவிட்டது என்று தெரிந்தால், அன்று முழுக்கப் படியேறித்தான் வீட்டுக்குப் போவார். இருந்தும் அந்தக் கழியின் மீன்களைக் காப்பாற்றும் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது. யாரும் கொடுக்கவில்லை, தாமாக எடுத்துக்கொண்டார். அவருடைய பதவிகளில் பாதி அப்படிச் சேர்ந்தவைதான்.

மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். ஓர் உரக் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் சேர்ந்து, அந்தப் பிரிவின் தலைவராக ஓய்வு பெற்றவர். கம்பெனியின் பெயரை அவர் வாய் சொன்னதே கிடையாது. "கம்பெனியில இருந்தப்போ" என்றுதான் தொடங்குவார், உலகத்தில் வேறு கம்பெனியே இல்லாததுபோல. ஓய்வு பெற்றவர்களுக்குக் கம்பெனி சலுகையாக யூரியா மூட்டைகள் அனுப்பிவைத்தது. வயல் இல்லாத மனிதர் மூட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? குடியிருப்புக்கும் கழிக்கும் நடுவே ஒரு புல்தரை போடவைத்தார். கோலி மீனவர்கள் படகை இழுத்து ஏற்றிவந்த சேற்றுச் சரிவு அது. இப்போது இரும்புக் கேட், கிரானைட் பெஞ்சு, கண்ணைப் பறிக்கும் பச்சை.

"ஸ்லோப் பாத்தேளா? ஒரு சொட்டுத் தண்ணி தேங்காது. எல்லாம் நேரா காடிக்குப் போயிடும்" என்று வருகிறவர்களிடம் காட்டுவார். கழியைப் பம்பாயில் காடி என்பார்கள்.

புல்லைப் பார்த்துக்கொண்டவன் இசக்கிதுரை. குடியிருப்பின் பின்னால் இருக்கும் குடிசைப் பகுதியான பஸ்தியில் மனைவியோடு இருப்பவன். மூட்டையில் மாதம் ஒருமுறை என்று அச்சடித்திருந்தது. ஜம்பு அதை வாரம் ஒருமுறை ஆக்கினார். அளவுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை. இவ்வளவு இடத்துக்கு ஒரு சிரட்டை என்று குடையின் நுனியால் கோடு போட்டே காட்டியிருந்தார்.

"சார், புல்லு நல்லாத்தான நிக்கி. இந்த வாரம் விட்டுரலாமே" என்று இசக்கிதுரை ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

"இசக்கி, உரம்ங்கறது சாப்பாடு. சாப்பாடு யாரையாவது கொன்னிருக்கோ?"

பெஞ்சில் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ராஜலக்ஷ்மி தலையை நிமிர்த்தவில்லை. "ருக்கு பொண்ணு கல்யாணத்துல மூணு தரம் பாதாம் அல்வா கேட்டு வாங்கிண்டு, விடியறதுக்குள்ள டாக்டரை வரவழைச்சது யாரு?"

"அது வேற" என்றார் ஜம்பு. பதில் இல்லாத இடங்களில் அவர் வைத்திருக்கும் பதில் அது.

இசக்கிதுரையின் மனைவி விஜயராணி மீன் விற்பவள். கழியில் வலை போடும் கோலிக் கிழவர் ஒருவரிடம் மடவையும் இறாலும் நண்டும் வாங்கி, ஸ்டேஷன் பக்கம் கூடையோடு உட்காருவாள். இந்த வருஷம் மழை ஓய்ந்ததும் கழியின் நிறம் மாறியது. அலையாத்திச் செடிகளின் பச்சை அல்ல, கீரையை அரைத்து ஊற்றியதுபோல ஒரு கெட்டிப் பச்சை. காலையில் மடவைகள் தலையை வெளியே நீட்டி வாயைப் பிளந்து பிளந்து மூடின. சில நாளில் அவை வயிறு தெரிய மிதந்தன. கிழவர் வலையை இழுத்தால் மீன் இல்லை, கொழகொழவென்று பாசிதான் வந்தது. அவர் படகைக் கட்டிவிட்டு விக்ரோலியில் ஒரு கிடங்குக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டார்.

விஜயராணி விடியற்காலையில் ரயிலேறி, பெரிய துறைமுகத்தில் ஐஸ் மீன் வாங்கிவர ஆரம்பித்தாள். வாடிக்கைக்காரர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "காடி மீன் வந்தா சொல்லு" என்று நடந்தார்கள். காடி மீன் இனி வராது என்றால் கூடையைக் கவிழ்த்துவிட்டு, சாகர் சம்ருத்தி வீடுகளில் பாத்திரம் துலக்கப் போக வேண்டியதுதான். ராஜலக்ஷ்மி இதற்குள் சொல்லியும் விட்டாள்: "எங்காத்துக்கே வந்துடேன். அந்த வாசனை போற வரைக்கும் பால்கனி மட்டும் பெருக்கு, போதும்." நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் விஜயராணிக்கு இன்னும் சுட்டது.

அவள் அம்மனிடம் போனாள். பஸ்தியில் தகரக் கூரையின் கீழ் இருக்கும் இசக்கியம்மனுக்குக் கார்த்திகையில் கொடைத் திருவிழா. கொடைக்குக் காப்புக் கட்டும் நாளில் பெண்கள் பானையில் மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் போட்டு நவதானியம் விதைப்பார்கள். இருட்டில் மூடிவைத்து வளர்ப்பார்கள். ஆண் கை படக்கூடாது. கொடை முடிகிற அன்று முளைத்ததைத் தலையில் சுமந்து போய்த் தண்ணீரில் கரைப்பார்கள். முளைப்பாரி உயரமாக வந்தால் நேர்ந்தது நடக்கும். காடிக்கு மீன் திரும்பி வரணும், அவ்வளவுதான் விஜயராணி நேர்ந்துகொண்டது.

ஜம்பு அம்மனிடம் போகவில்லை. கமிட்டி போட்டார். கழி ஏன் பச்சையானது என்று கமிட்டி ஒரே கூட்டத்தில் கண்டுபிடித்துவிட்டது. மக்கள் கொட்டும் மாலை, தேங்காய், பூஜைச் சாமான்தான் காரணம். செக்ரட்டரி வெங்கி, சேர்மன் தும்மினாலும் ஆமோதிக்கக்கூடியவர், உடனே நாலு பாஷையில் கேட்டில் போர்டு மாட்டினார்: 'கழியைக் காப்போம். முளைப்பாரி முதலியவற்றைக் கரைக்கக் கூடாது.' போர்டின் அடியில் இசக்கிதுரை சிரட்டையோடு புல்லுக்கு உப்பு வீசிக்கொண்டிருந்தான். அவன் ஊரில் யூரியாவை உப்பு என்றுதான் சொல்வார்கள்.

விஜயராணி பானையைப் பரணில் வைத்திருந்தாள். ஈரம் சொட்டிப் பாய் நனையாமல் இருக்க, மீன் கழுவும் பிளாஸ்டிக் டப்புக்குள் பானையை இறக்கியிருந்தாள். பக்கத்திலிருந்த சின்ன ஜன்னலின் வெளிச்சம் டப்பில் மட்டும் விழும், பானைக்கு மேலே கறுப்புத் துணி.

பாரிப் பெண்களுக்கெல்லாம் தலைவி சொர்ணம்மாள். வீடு வீடாகப் போய்த் துணியைத் தூக்கிப் பார்க்கும் உரிமை அவளுக்கு மட்டும் உண்டு. அந்த உரிமையோடு நாக்கையும் கொண்டுபோவாள்.

"ஏளா விஜயராணி, பாரி வளக்கியா, பல்லு குத்த ஈர்க்கு வளக்கியா?"

"தண்ணி சரியாத்தான் தெளிக்கேன் மதினி."

"ஒம் புருசன் சேர்மன் வீட்டுப் புல்லுக்கு ராசா கணக்கா வளத்தி குடுக்கான். ஒம் பானைக்கு மட்டும் அந்த ராசி வராதோ?"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த இசக்கிதுரையின் காதில் அது விழுந்தது. சாப்பிடும்போதும் விழுந்துகொண்டே இருந்தது.

மறுநாள் விடியலில் விஜயராணி துறைமுகத்துக்குப் போனதும் அவன் குளித்தான், நெற்றியில் திருநீறு பூசினான், அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். பிறகு டிபன் பாக்ஸில் கொண்டுவந்திருந்த உப்பை எடுத்துக்கொண்டு பரணில் ஏறினான். அளவில் அவன் தப்புச் செய்யவில்லை. சார் கற்றுக்கொடுத்தபடி ஒரு சிரட்டை. மேலே ஒரு சொம்புத் தண்ணீர்.

முளைகள் முதலில் தலை சாய்ந்தன. பிறகு படுத்தன. துணியைத் தூக்கியபோது மூத்திர நெடி மாதிரி ஒன்று விஜயராணியின் கண்ணைக் கரித்தது. வேரெல்லாம் பழுப்பு. பானையிலிருந்து வடிந்த தண்ணீர் டப்பில் நாளுக்கு நாள் பச்சையாகக் கெட்டிப்பட்டு நாறியது. தன் மேல்தான் குற்றம் என்று அவள் நினைத்தாள். மீன் கையோடு தொட்டோமோ, தலைக்குக் குளிக்காமல் ஏறினோமோ என்று ஒவ்வொரு நாளையும் திருப்பிப் போட்டுத் தேடினாள். யாரிடமும் சொல்லவில்லை. பானையின் மேல் புதுத் துணியைச் சுற்றிக் கட்டினாள். நேர்ந்ததைச் சுமக்காமல் இருக்க முடியாது, அழுகியிருந்தாலும்.

இசக்கிதுரையும் ஒருநாள் எட்டிப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் வீட்டில் நிமிர்ந்து பேசவில்லை.

கொடை முடிகிற நாளை அம்மன் முடிவு செய்தாள். மும்பையின் சிறந்த புல்தரைக்கான கோப்பைக்கு நடுவர்கள் வரும் நாளை வெங்கி முடிவு செய்தார். இருவரும் கலந்து பேசிக்கொள்ளவில்லை. இரண்டும் ஒரே சாயங்காலம்.

நடுவர்கள் மாட்டுங்காவின் ஒரு தோட்டக் கழகத்திலிருந்து வந்தார்கள். பெரிய பொட்டு வைத்த ஓர் அம்மாள், பேசாத ஒரு மனிதர். ஜம்பு பட்டு அங்கவஸ்திரம் போட்டிருந்தார். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து வந்த இரண்டு மாலைகள் மேஜையில் காத்திருந்தன. "ஸ்லோப் பாத்தேளா?" என்று அவர் ஆரம்பித்த நேரத்தில் கேட்டுக்கு அப்பால் குலவைச் சத்தம் கிளம்பியது. மஞ்சள் சேலைப் பெண்கள், தலையில் பானை, முன்னால் சொர்ணம்மாள்.

வெங்கி ஓடினார். "இல்ல இல்ல, போர்டு பாருங்கோ, போர்டு!"

"போர்ட கண்டுதான சார் நிக்கோம். இல்லன்னா இந்நேரம் உள்ளல்லா இருப்போம்" என்றாள் சொர்ணம்மாள். "பொழுது அடையதுக்குள்ள கரைக்கணும். கதவத் தெறங்க."

நடுவர் அம்மாள் ஆர்வமாகப் பார்த்தாள். ஜம்புவுக்கு ஒரு யோசனை தோன்றியது. விரட்டினால் நன்றாக இருக்காது, விளக்கினால் நன்றாக இருக்கும். கேட்டின் சின்னக் கதவைத் திறந்து, சொர்ணம்மாளுக்குப் பின்னால் நின்ற விஜயராணியைக் கூப்பிட்டார். "நீ இசக்கி ஆம்படையாள்தானே? வா. அதை இந்த மேஜையில வை. இது தண்ணியில கலந்தா என்ன ஆகும்னு எல்லாருக்கும் எடுத்துச் சொல்றேன்."

விஜயராணி நகரவில்லை. "வேண்டாம் சார். வேற ஆளோடத எடுத்துக்கிடுங்க."

"பயப்படாதே. வையி."

பானையின் அடி ஊறிப்போய் ஒழுகியதால் டப்போடு சேர்த்தே சுமந்திருந்தாள். மேஜையில் இறக்கினாள். மாலைகளுக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்தது. ஜம்பு துணியை அவிழ்த்தார்.

பெண்கள் "ஐயோ" என்று வாயைப் பொத்தினார்கள். குலவை நின்றது. வெங்கி மூக்கைப் பிடித்தார். ஜம்பு மட்டும் குனிந்தார். இன்னும் கிட்டே குனிந்தார். மண்ணில் விரலை விட்டு நெருடி, மூக்கருகே கொண்டுபோனார். அந்த முகத்தில் பல வருஷங்களுக்கு முன் புழுதிச் சாலையில் பைக்கில் போய் வயல் வயலாக இறங்கிய ஒரு களப்பணியாளன் எழுந்து நின்றான்.

"யார் இதுக்கு யூரியா போட்டது?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"கிட்ட வாங்கோ மேடம், இப்பிடி ஒரு கேஸ் ஈசியா கிடைக்காது. வேரைப் பாருங்கோ, வெந்து போயிருக்கு. பசியில்ல இது, அஜீரணம். செடி எத்தனைதான் திங்கும்? ரெண்டு வாய். மீதி அத்தனையும் தண்ணியோட கீழே எறங்கும். எறங்கினா சும்மா இருக்குமோ? அங்க பாசி காத்துண்டிருக்கு. அதுக்கு விருந்து! இதோ டப்புல பாருங்கோ. தின்னு கொழுக்கும், மொய்க்கும், சாகும், அழுகும். அழுகறச்சே தண்ணியில இருக்கற பிராணவாயுவை மொத்தமா உறிஞ்சிடும். அப்பறம் அதுக்குள்ள ஒரு மீன் கூட மூச்சு..."

நடுவர் அம்மாளின் தோளுக்குப் பின்னால் கழி இருந்தது. வெயில் சாய்ந்து நன்றாகத் தெரிந்தது. ஜம்பு டப்பைப் பார்த்தார். கழியைப் பார்த்தார். மறுபடி டப்பைப் பார்த்தார். இரண்டும் ஒரே பச்சை.

விற்பனைப் பிரிவில் இருந்தவர்கள் லேசில் விழமாட்டார்கள். "அளவு தெரியாதவா கையில உரம் சிக்கினா இப்படித்தான் ஆகும்" என்று முடிக்கப் பார்த்தார்.

"அளவு தெரியும் சார்" என்றது ஒரு குரல். ஹோஸ் பைப்போடு ஓரத்தில் நின்ற இசக்கிதுரை முன்னால் வந்தான். "நாந்தான் போட்டேன். புல்லுக்குப் போடுத அளவுதான். நம்ம சிரட்டைதான் சார்."

விஜயராணி மெதுவாகத் திரும்பினாள்.

"நீங்களா? பரண்ல ஏறுனியளா?"

"குளிச்சிட்டுத்தான் ஏறுனேன்."

"குளிச்சிட்டு ஏறுனாவளாம்! எந் தீட்டு, எந் தீட்டுன்னு நான் சோறு எறங்காம கெடக்கேன், நீங்க பக்கத்துல படுத்துக் கெடந்திய. ஒரு வார்த்த சொல்ல வாயில்ல?"

"ஒசரமா வரட்டுமேன்னு நெனச்சேன் புள்ள. சாப்பாடுன்னுல்லா சார் சொன்னாவ."

"கோட்டிக்காரப் பயலே" என்றாள் சொர்ணம்மாள். திட்டாக ஆரம்பித்தது முடியும்போது அவ்வளவு திட்டாக இல்லை. ஈர்க்கு என்று சொன்ன வாய் தன்னுடையது என்று அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

நடுவர் அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்தாள். "மிஸ்டர் ஜம்புநாதன், இந்த லானுக்கு வாரா வாரம் எவ்வளவு போடறேள்?"

"மூணு அல்வா" என்றாள் ராஜலக்ஷ்மி, பெஞ்சிலிருந்து.

'அது வேற' என்று சொல்ல ஜம்புவின் வாய் திறந்தது. கண் மறுபடி டப்புக்குப் போயிற்று. எத்தனை தாலுகாக்களில் கொடி நட்டு, பந்தல் போட்டு, 'இன்னும் ஒரு மூட்டை' என்று பேசியிருக்கிறார். எத்தனை மூட்டை விற்றது என்பதற்குக் கம்பெனியில் சுவர் முழுக்கப் படம் இருந்தது. செடி தின்றது போக மீதி எங்கே போயிற்று என்று ஒரு மீட்டிங்கிலும் யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. எங்கே போயிருக்கும்? ஸ்லோப் இருக்கிற பக்கம் போயிருக்கும்.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெரிய கேட்டைத் தாமே திறந்தார்.

"சார், போர்டு..." என்றார் வெங்கி.

"அதைக் கழட்டி உள்ள வை."

பெண்கள் புல்லை மிதித்துக்கொண்டு தண்ணீருக்கு நடந்தார்கள். விஜயராணி மட்டும் மேஜையருகே நின்றாள். கரைக்க அவளிடம் எதுவும் இல்லை. சொர்ணம்மாள் திரும்பி வந்தாள். தன் பாரியிலிருந்து ஒரு பிடி முளையை மண்ணோடு பிடுங்கி, அவளுடைய முந்தானையை இழுத்து அதில் வைத்தாள். "பிடி. காணாததக் கண்டது மாதிரி முழிக்காத." அடுத்தவள் ஒரு பிடி. அதற்கடுத்தவள் ஒரு பிடி. முந்தானை கனத்தது.

"இந்தப் பானைய என்ன செய்ய?" என்றாள் விஜயராணி. "இதையும் அதுல கொட்ட எனக்கு மனசில்ல."

"எங்கிட்ட குடு" என்றார் ஜம்பு.

மீன் டப்பு என்பது கையில் வாங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. கீழே வைக்க இடம் தேடினார். அதற்குள் நடுவர்களோடு வந்திருந்த போட்டோக்காரர் கிளிக் செய்துவிட்டார். கோப்பைக்கான படத்தில் சாகர் சம்ருத்தியின் சேர்மன் பட்டு அங்கவஸ்திரத்தோடு, நாறும் டப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். புல்தரைக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

அதன்பின் உரம் நின்று, புல் நிறம் மங்கி, சித்திரையில் அறுவடை முடிந்த சோளக்காடுபோல ஆனது. உறுப்பினர்கள் கூடி ஜம்புவை இறக்கிவிட்டு வெங்கியைச் சேர்மனாக்கினார்கள். வெங்கி முதல் வேலையாக மூட்டைக்கு ஆள் அனுப்பினார். சலுகை மூட்டை ஜம்பு பெயரில்தான் வரும். ஜம்பு கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கடையில் முழு விலை கேட்டதும், உலர்ந்த புல்லும் ஓர் அழகுதான் என்று புதுக் கமிட்டி தீர்மானம் போட்டது. இசக்கிதுரை சருகுகளை மட்கவைத்துப் போட ஆரம்பித்தான். அவன் இப்போது எதற்கும் சிரட்டையை எடுப்பதில்லை, கையால் கொஞ்சம் தூவிவிட்டு விஜயராணியின் முகத்தைப் பார்ப்பான்.

கம்பெனி ஓய்வூதியர்களின் இதழுக்கு ஜம்பு, செடி தின்றது போக மீதி உரம் எங்கே போகிறது என்று ஒரு கட்டுரை அனுப்பினார். அவர்கள் கட்டுரையை விட்டுவிட்டு, கோப்பைப் படத்தைப் போட்டு வாழ்த்தியிருந்தார்கள். அவர் அசரவில்லை. பழைய சஃபாரி சூட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கழியோரத்துக் குடியிருப்புகளுக்கெல்லாம் போனார். அதே குரல், அதே விரல் அசைவு, அதே வியாபாரச் சிரிப்பு. இப்போது 'இன்னும் ஒரு மூட்டை குறைவாக' என்றார். சில இடங்களில் டீ கொடுத்தார்கள். சில இடங்களில் வாட்ச்மேன் கேட்டையே திறக்கவில்லை.

காலையில் கூடையோடு திரும்பும் விஜயராணியைக் கேட்டருகே நிறுத்தி, மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு கேட்பார்: "மீன் வந்துதோ?"

"இன்னும் இல்ல சார்."

"நான்தான் நிறுத்திட்டேனே!" என்பார், பணம் கட்டியும் பொருள் வராதவர் குரலில்.

"நீங்க ஒருத்தர் கையை அலம்பிட்டா பந்தியே எழுந்துடுமோ?" என்பாள் ராஜலக்ஷ்மி. "உல்லாஸ்நகர் தாண்டி எங்கெங்கயோ வயல் தண்ணியெல்லாம் இங்கதான் வந்து சேர்றதுன்னு நீங்கதானே மேப் போட்டுக் காட்டினேள்."

மழை வந்தது, போனது. கழி மறுபடி பச்சையானது. ஆனால் சாகர் சம்ருத்தியின் தண்ணீர் வடியும் மூலையில், அலையாத்திகளின் ஓரமாக, பச்சை அவ்வளவு கெட்டியாக இல்லை. கோலிக் கிழவர் விடுமுறை நாளொன்றில் வந்து, பழக்கதோஷத்தில் ஒரு வலை வீசிப் பார்த்தார்.

அன்று விஜயராணி ரயிலுக்குப் போகவில்லை. புல்தரையின் குறுக்கே நேராக ஜம்புவின் பெஞ்சுக்கு வந்து கூடையை இறக்கினாள். அடியில் இரண்டு கை இறால் இருந்தது.

"காடி இறால் சார். நம்ம காடி."

ஜம்பு துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு குனிந்தார். கண்ணாடி போன்ற உடல்களுக்குள் ஏதோ துடித்தது. ஒன்று துள்ளி அவர் விரலில் பட்டுத் திரும்பி விழுந்தது. அவர் விரலை உதறவில்லை.

"உயிரோட இருக்கே!"

"இருந்தாத்தான சார் விக்க முடியும்."

தாம் காப்பாற்றியது விற்பதற்குத்தான் என்று ஜம்புவுக்கு இதுவரை தோன்றியிருக்கவில்லை. கூடையைப் பார்த்தார். விஜயராணியின் முகத்தைப் பார்த்தார். ஒரு வருஷமாக இல்லாத சிரிப்பு அதில் இருந்தது. மூன்றாவது மாடிப் பால்கனியில் ராஜலக்ஷ்மி தானே பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றார், முகத்தைக் கழியின் பக்கம் திருப்பிக்கொண்டு. "நல்ல விலைக்குக் குடு."